கோப்பைக்குப் பிடி வந்த கதை

துரை பங்களாவில் வேலை செய்தவர்களுக்கு 'டீ செட்' என்றால் என்னவென்று தெரியும். டீ பொட், பால் கூஜா, சீனிக் கிண்ணம், வடி, கோப்பை, பீரிசு எல்லாம் ஒரே பூப்போட்டதாக இருக்கும். அதில் ஒன்று உடைந்தால் அப்புவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. லயத்தில் நமக்கு ஒரு கேத்தலும் நாலைந்து டம்ளரும் போதும். ஆனாலும் இந்தச் சாமான்கள் ஏன் வந்தன என்று தெரிந்துகொண்டால், நம்ம கொழுந்தைப் பற்றியும் கொஞ்சம் தெரியவரும்.

முதலில் சீனா. 8ஆம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலை பற்றி எழுதிய நூலில் இருபதுக்கு மேற்பட்ட சாமான்களைச் சொல்கிறார். டீ பொட் அதில் இல்லை. அந்தக் காலத்தில் தேயிலையை இடித்துக் கட்டியாக்கி வைப்பார்கள். பிறகு பொடியாக்கிக் கொதிக்கவைத்துக் கிண்ணத்தில் குடிப்பார்கள். பச்சை மெருகுள்ள கிண்ணம்தான் நல்லது, அதில் சாயம் பச்சையாகத் தெரியும் என்பது அவருடைய கட்சி. பின்னால் சொங் அரசர் காலத்தில் பொடியை நுரைக்க அடித்துக் குடித்தார்கள். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியக் கறுப்புக் கிண்ணத்தை விரும்பினார்கள். தேயிலை மாற மாற, பாத்திரமும் மாறியிருக்கிறது பாருங்கள்.

1391இல் மிங் அரசர், அரண்மனைக்குக் கட்டித் தேயிலை அனுப்ப வேண்டாம் என்று உத்தரவு போட்டார். உதிரி இலை பரவியது. இலையை ஊறவைக்க மூடி போட்ட பாத்திரம் வேண்டுமே! டீ பொட்டுக்கு மவுசு வந்தது அப்படித்தான். யிசிங் என்ற ஊரின் மண் பொட் இன்றைக்கும் பேர்போனது. சிலது உள்ளங்கையில் அடங்கும்.

சீனத்துச் சின்னக் கோப்பைக்குப் பிடி கிடையாது. கை தாங்காத சூடு வாய்க்கும் ஆகாது, அவ்வளவுதான் கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் தேயிலையோடு சீனப் பீங்கானும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. அந்தப் பீங்கானைச் செய்யும் வித்தை அவர்களுக்குப் பிடிபடவில்லை. 1710இல்தான் ஜேர்மனியின் மைசன் ஊரில் பீங்கான் தொழிற்சாலை தொடங்கியது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜொசையா ஸ்போட் என்பவர் மாட்டெலும்புச் சாம்பலைக் கலந்து 'போன் சைனா'வைச் சரிப்படுத்தினார். அந்த மெல்லிய வெள்ளைக் கோப்பையில் ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல் என்றால் நம்புவீங்களா?

கோப்பைக்குப் பிடி வைத்தவர்களும் ஐரோப்பியர்தான். பிடி இருந்தால் கைக்குச் சூடு தெரியாது. வாய்க்குத் தெரியுமே! அதனால் பீரிசில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிற பழக்கமும் அங்கே இருந்தது. நம்ம பெரியவர்களும் அப்படிக் குடிப்பதுண்டு; அதைக் கேலி பண்ணாதீங்க. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் உணவுக்குழாயில் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது. பெரட்டுக்கு நேரமாச்சு என்று கொதிக்கக் கொதிக்க விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

இன்னொரு செட் இருக்கிறது. அதில் பூவும் இல்லை, பொன் கரையும் இல்லை. பெக்டரியிலும், 1883இல் தேயிலை ஏலம் தொடங்கிய கொழும்பிலும் சாயம் பார்க்கிற வெள்ளைப் பீங்கான் செட் அது. மூடி போட்ட கோப்பையின் விளிம்பில் ஓரிடத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். 100 மில்லிலீட்டர் கொதிதண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம் என்பது சர்வதேச முறை. சாய்த்தால் சாயம் கிண்ணத்துக்கு வரும், இலை உள்ளே நிற்கும். அந்த இலையை மூடியில் கவிழ்த்து நிறம் பார்ப்பார்கள். சாயத்தைக் கரண்டியால் உறிஞ்சித் துப்புவார்கள். முற்றின இலை கலந்தால் சாயம் மெலிந்துபோகும். சாக்கில் அமுக்கி அடைத்துச் சூடேறிச் சிவந்த கொழுந்து, ஊறின இலையின் நிறத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். கிலோவும் நிறையணும், கொழுந்தும் நசுங்கக் கூடாது என்றால் மலையில் நிற்கிற பெண்ணுக்கு அது லேசான காரியம் இல்லை. நிறுக்கிற இடத்தில் நிற்பவர்களும் அதை நினைக்கணும்.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். இரண்டு வெள்ளைக் கோப்பையில் ஒரே தூளை ஒவ்வொரு தேக்கரண்டி போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் பீரிசால் மூடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து, எதில் வாசம் நிற்கிறது என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். சீனி பிறகு போடலாம்.