ஆசையும் குறிக்கோளும்

“அடுத்த ஆண்டுக்குள் என்ன செய்ய நினைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “ஊருக்குப் போக வேண்டும்” என்பதே பலரின் பதில். நியாயமான ஆசைதான். ஆனால் காணியை விடுவிப்பது நம் கையில் இல்லை. குறிக்கோள் என்பது நம் கை எட்டும் காரியமாக இருக்க வேண்டும்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் 1996 சித்திரையில் திரும்பினார்கள். வன்னிக்குப் போன பலருக்கோ அது பல ஆண்டுகளாயிற்று. எவ்வளவு காலம் என்று புறப்பட்ட அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே காலத்தை அளந்து பயிரைத் தெரிவு செய்யுங்கள்.

பயறு ஏறக்குறைய 65 நாளில் கைக்கு வரும். ஆவணியில் பனம் விதையைப் பாத்தியில் அடுக்கினால் தையில் கிழங்கு கிண்டலாம். முருங்கைக் கதியால் ஓராண்டளவில் கறிக்குக் காய் தரும். தென்னைக்கு ஆறேழு ஆண்டுகள் வேண்டும். பனைக்கு அதிலும் இரு மடங்குக்கு மேல்.

இரவல் காணியில் தென்னை வைக்கலாமா? காணிக்காரரோடு பேசி, பலன் யாருக்கு என்று எழுதி வைத்துக்கொண்டு நடுங்கள். பேச்சோடு விட்டால் பின்னர் மனஸ்தாபம்தான் மிஞ்சும். உடன்பாடு இல்லையேல் மாதுளை, எலுமிச்சைக் கன்றுகளைப் பையில் வளர்த்தால் போகும்போது கொண்டு போகலாம்.

ஒரு கொப்பியில் மூன்றே வரி எழுதுங்கள்: இந்தப் போகத்துக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று, பிள்ளை வளர்ந்தபின் பயன்தர ஒன்று. மாதம் ஒருமுறை குடும்பமாக இருந்து பாருங்கள். மழை பிழைத்து முதல் வரி தவறினால் கொப்பியைக் கிழிக்க வேண்டாம், திகதியை மாற்றுங்கள். விளைந்த பயறில் ஒரு போத்தல், சாம்பல் கலந்து, விதைக்கென்று முதலில் எடுத்து வையுங்கள். மிச்சந்தான் சமையலுக்கு.