பொத்தானும் புறப்பாட்டும்

முன்னுரை

கீழ் கோத்தகிரியிலிருந்து வந்து நம் துறையில் பயிலும் மாணவர் ஒருவர், விடுமுறை கழிந்து திரும்பியபோது பழைய பித்தளைப் பொத்தான் ஒன்றைக் கொணர்ந்தார். பல்லாண்டுகளுக்கு முன் தேயிலைச் செடிகளுக்கிடையே மண்ணைக் கொத்தியபோது அவர் தந்தையார் கண்டெடுத்து, மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்தது அது. பச்சைக் களிம்பு படிந்த முகப்பில் அரச முடி ஒன்று தெரிந்தது. "ஐயா, இது சலிவன் துரை காலத்துச் சிப்பாயின் பொத்தானாக இருக்கும். மெட்டல் டிடெக்டர் கிடைத்தால் இன்னும் பல எடுக்கலாம்" என்றார் மாணவர். அவருடைய ஆர்வம் போற்றத்தக்கது. எனினும் அவர் கூறிய இரண்டும் ஆராயத்தக்கன.

பொத்தான் சொல்லும் காலம்

கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சலிவன் 1819ஆம் ஆண்டில் நீலமலை ஏறினார். கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் தங்கினார். சிறுமுகையிலிருந்து அப்பக்கம் ஏறும் பாதை 1821 முதல் 1823 வரை மெக்பெர்சன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் அமைந்தது. பின்னர் ஜக்கதளாவில் 1852இல் எழத் தொடங்கிய படைக் குடியிருப்பே இன்றைய வெலிங்டன். ஆதலின் இம்மலையில் படைப் பொத்தான் கிடைப்பது வியப்பன்று.

ஆனால் அது எக்காலத்தது என்பதை ஆவல் முடிவு செய்யலாகாது. பொத்தானே சொல்ல வேண்டும். பிரிட்டானியக் காலாட்படைகள் 1767 முதல் தத்தம் படைப்பிரிவின் எண்ணைப் பொத்தானில் பொறித்தன. கும்பினிப் படையின் பொத்தான்கள் சிலவற்றில் முடியேந்திய சிங்கத்தைக் காணலாம். 1871இல் சாதாரணச் சிப்பாய்களுக்கு அரச இலச்சினை பொறித்த பொதுப் பொத்தான் வந்தது. முடியின் வடிவும் காலம் காட்டும். விக்டோரியா அரசியார் 1901இல் மறைந்த பின், வளைவுகள் நடுவில் பள்ளமின்றி உயர்ந்து குவிந்த முடி வழக்கிற்கு வந்து, ஏறத்தாழ 1952 வரை நின்றது. 1950இல் இந்தியக் குடியரசு அசோகரின் சிங்கங்களைத் தன் இலச்சினையாக ஏற்றது.

நம் மாணவரின் பொத்தானில் இருந்தது பள்ளமற்ற குவிந்த முடி. எனவே அது சலிவன் காலத்தது அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. மாணவர் முகம் சற்றே வாடியது. ஆயினும் பொய்யான பழமையினும் மெய்யான அண்மை மேலானது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

சீருடையும் மானமும்

சீருடையின் சிறு உறுப்பும் வரலாற்றை அசைக்க வல்லது. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், சமயக் குறிகளையும் காதணிகளையும் நீக்க வேண்டும், தாடியை மழிக்க வேண்டும் என்று சென்னைப் படையில் பிறந்த ஆணைகள் இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருங்கே புண்படுத்தின. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சிக்கு அவை உடனடிக் காரணமாயின. உடுத்தும் உடையில் மனிதனின் மானமும் நம்பிக்கையும் கலந்திருந்தன என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அத்தகைய உடையிலிருந்து உதிர்ந்த பொத்தானை வெறும் பித்தளை எனத் தள்ளுதல் தகாது.

கருவியும் மண்ணும்

இனி, மாணவர் விரும்பிய கருவியைக் காண்போம். அதன் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மாறிமாறிப் பாயும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுள் உலோகம் இருப்பின் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி எதிர்ப்புலம் எழும். கருவி அதனை உணர்ந்து ஒலிக்கும். இரும்புச்சத்து மிக்க செம்மண் அதனைக் குழப்புவதும் உண்டு. ஓரிடத்தில் உலோகம் இருக்கிறது என்று மட்டுமே அக்கருவி கூறும். அது ஏன் அங்கு வந்தது எனக் கூறாது.

அமெரிக்காவில் 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நிகழ்ந்த களத்தில், 1983இல் மூண்ட தீயால் புல் கருகியது. மறு ஆண்டு தொல்லியலார் அங்கே இக்கருவிகளைக் கொண்டு வரிசையாக ஆய்ந்தனர். ஒலித்த இடந்தோறும் கொடி நட்டு, அளந்து, வரைபடத்தில் குறித்தனர். கிடைத்த தோட்டாக் கூடுகளின் அடையாளங்களை ஒப்பிட்டு, எத்துப்பாக்கி எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்பதையும் கண்டனர். அவ்வெற்றி கருவியால் மட்டும் வந்ததன்று. இடக் குறிப்பால் வந்தது.

இடமே துறைக் குறிப்பு

புறநானூற்றைப் பயில்வோர்க்கு இது புதிதன்று. பாட்டின் இறுதியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் ஆகிய குறிப்புகள் நிற்கின்றன. அவை சிதைந்த இடங்களில் பாட்டு இருந்தும், அதன் தலைவன் யார் என அறியாமல் தவிக்கிறோம். மண்ணில் கிடந்த இடமும் ஆழமும் உடன் கிடந்த பொருள்களுமே பொத்தானின் திணையும் துறையும் ஆகும்.

நம் பொத்தானைப் படைவீரர் அங்கேயே இழந்திருக்கலாம். ஓய்வு பெற்றவர் வீட்டிலிருந்து குப்பையோடு வந்திருக்கலாம். பழைய துணியாக விற்ற படைக் கோட்டைக் குளிருக்கு அணிந்த தோட்டத் தொழிலாளியிடமிருந்து உதிர்ந்திருக்கலாம். முதலாவதாயின் அது படை வரலாறு. இறுதியாயின் உழைப்பாளர் வரலாறு. எது மெய் என உரைக்கும் சான்று, எந்த வரிசைச் செடியடியில் கிடைத்தது என்பது மறந்த அன்றே அழிந்தது. மாணவர் தம் தந்தையாரைக் கேட்டார், அவர்க்கும் நினைவில்லை.

நிறைவுரை

கண்டெடுத்த பொருளை உடனே தனதாக்காது ஓராண்டு அறிவிக்க வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்ட நூல்கள் கூறும் பொது விதி. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கப் பணிக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றித் தோண்டுதல் குற்றம்.

ஆதலின் மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: கருவி தேடி அலையாதீர். உழவிலோ மழை அரிப்பிலோ தானே வெளிப்படும் பொருளைக் கண்டால், முதலில் இடத்தை எழுதுக, ஆழத்தை அளக்க, நாளைக் குறிக்க, ஊர்ப் பெரியவர்களிடம் அவ்விடத்தின் பழைய பெயரைக் கேட்க, அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவிக்க. பெரியவர்களும் தம் டப்பாக்களில் உறங்கும் சிறு பொருள்களின் கதையை, நினைவு உள்ளபோதே பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்தல் வேண்டும். பொத்தானை அணிந்தவர் பெயர் அதில் இல்லை. அவர் நின்ற இடத்தையேனும் நாம் இழவாதிருப்போம். மண் நம்மிடம் ஒப்படைப்பது அமானிதம். அதனைக் குறிப்போடு காப்பதே நம் கடமை.