வீட்டில் ஒரு திருநாள்



புனிதரின் திருநாள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கொடியேற்றம், தேர்பவனி, வாணவேடிக்கை ஆகியவையே. அவை கோவிலில் நடப்பவை, பெரியோர் நடத்துபவை. பிள்ளைகள் அங்கே வேடிக்கை பார்ப்பவர்களாய் நின்றுவிடுகிறார்கள். தாங்களே விளக்கேற்றி, தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே பரிமாறும் திருநாள் ஒன்றும் அவர்களுக்கு வேண்டும். அதற்கு ஏற்ற இடம் வீடு.

கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை முடித்து இருட்டிய பின் வீடு திரும்பும் பெற்றோர், "இதற்கெல்லாம் நேரமேது?" என்று கேட்கலாம். ஒரு மணி நேரம் போதும். பெருஞ்செலவும் இல்லை. பிப்ரவரி 4-ஆம் நாள் வரும் புனித அருளானந்தர் திருநாளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதைக் கொண்டாடும் வகையைப் பார்ப்போம்.

யார் இந்த அருளானந்தர்?

ஜான் தெ பிரிட்டோ 1647-இல் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தார். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து 1673-இல் இந்தியா வந்தார். மதுரை மறைப்பணித் தளத்தில் காவி உடுத்தி, புலால் நீக்கி, பண்டாரசாமியாக ஊர் ஊராய் நடந்தார். நம் மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தனர். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். 1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். நம் பக்கத்தில் பிரிட்டோ என்றும் அருளானந்து என்றும் பெயர் பெற்றவர் பலர். உங்கள் உறவில் அப்படி ஒருவர் இருந்தால், அன்று அவரையும் அழையுங்கள்.

முன்தினம்

பிள்ளைகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் மேசையில் காவித்துணி விரித்துப் படம் வைக்கட்டும். ஒருவர் பூப்பறிக்கட்டும். யாரேனும் ஓரியூர் சென்று செம்மண் எடுத்து வந்திருந்தால் அதையும் ஒரு கிண்ணத்தில் வைக்கலாம். புனிதர் சிந்திய இரத்தத்தால் அம்மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒரு வேலை: அடுப்புக்கரியைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு குச்சியால் எழுதச் சொல்லுங்கள். அருளானந்தர் சிறையிலிருந்து தம் கடைசிக் கடிதத்தைக் கரியை மையாக்கித்தான் எழுதினார். மை விரலில் ஒட்டும்; எழுத்து கோணும். சிறை என்பது என்னவென்று நாம் சொல்லாமலே பிள்ளைக்கு ஓரளவு விளங்கிவிடும்.

கதை சொல்லும் நேரம்

மாலையில் இளைய பிள்ளை விளக்கேற்ற, ஒரு சிறு செபத்தோடு தொடங்குங்கள். கதையை வெட்டுண்ட தலையிலிருந்து தொடங்க வேண்டாம். நோயுற்ற ஒரு சிறுவனிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டோ சிறுவனாயிருந்தபோது கடும் நோயில் விழுந்தார். மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபை அங்கியை அவனுக்கு உடுத்துவதாகத் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். அரண்மனைப் பட்டாடைகளுக்கு நடுவே அச்சிறுவன் ஓராண்டு கறுப்பங்கியோடு திரிந்தான். பிள்ளைக்கு அந்தோனியார் அங்கி உடுத்துவதாக நம்மூர்த் தாய்மார் நேர்ந்துகொள்வதில்லையா? அதுபோலத்தான்.

பின்னாளில் மகன் இந்தியா செல்ல எழுந்தபோது அதே தாய் தடுக்க முயன்றார். பெற்ற மனம் அப்படித்தான். ஆயினும் மகன் கொல்லப்பட்ட செய்தி லிஸ்பனை எட்டி, நன்றி வழிபாடு நடந்தபோது, அவர் துக்க உடையில் வரவில்லை, விழாக்கோலத்தில் வந்தார். அவர் அழவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அழுதிருப்பார், அழுதபின் உடை மாற்றியிருப்பார்.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

"அவரை ஏன் கொன்றார்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் 1693 மூவரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியோடு மட்டுமே வாழவும், மற்றவர்களைச் சகோதரிகளாய் ஆதரிக்கவும் உறுதி தந்தார். விலக்கப்பட்டோருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். அருளானந்தர் சிறைப்பட்டார்.

ஒருமுறை மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "அந்தம்மா பாவமில்லையா, டீச்சர்?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆம், பாவந்தான். தான் கேட்காமலே வாழ்க்கை மாறிப்போன பெண் அவர். பலதார மணம் எத்தனை பெண்களின் கண்ணீர்மேல் நின்றது என்பதற்கு அவரும் ஒரு சாட்சி. புனிதரை மதிக்க, அந்தப் பெண்ணை இகழ வேண்டியதில்லை. பிள்ளைகளின் இத்தகைய கேள்வியை அதட்டி அடக்கினால் கதை அங்கேயே செத்துவிடும்.

விருந்தும் வாக்கும்

அன்றைய உணவு புலாலின்றி இருக்கட்டும்: சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் பாயசம். முதல் கிண்ணப் பாயசம் அண்டை வீட்டுக்குப் போகட்டும். பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

உறங்குமுன் முக்கியமான ஒன்று. இக்கதை முழுதும் வாக்குக் காத்தவர்களின் கதை. நேர்ச்சையைத் தாய் காத்தார். தந்த உறுதியைத் தடியத்தேவர் காத்தார். ஏற்ற பணியை அருளானந்தர் உயிரைக் கொடுத்துக் காத்தார். ஆகவே வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு சிறு வாக்குக் கொடுக்கட்டும். "தம்பியை அடிக்கமாட்டேன்" என்று மகள் சொல்லலாம். "ஞாயிறு உங்களோடு இருப்பேன்" என்று தந்தை சொல்லலாம். அதைக் கரிமையால் எழுதிப் படத்தருகே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பிள்ளை தன் வாக்கை மறந்துவிடலாம், உங்கள் வாக்கை மறக்கமாட்டாள். அடுத்த ஞாயிறு அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். திருநாள் நிறைவேறியதா என்பது அன்றுதான் தெரியும்.

சிந்தனைக்கு:

1. உன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் எது? அவருடைய சிறுவயதைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

2. உனக்காக உன் தாய் செய்த நேர்ச்சை ஏதேனும் உண்டா? இன்றே கேட்டறிந்து எழுது.

3. நீ கொடுத்து இன்னும் காக்காத வாக்கு எது?