பீட்சாவின் பாரம் எங்கே இருக்கிறது?

பெருநாள் மாலை, பரீட்சை முடிந்த நாள், தம்பியின் பிறந்தநாள் என்று எந்தச் சாட்டுக் கிடைத்தாலும் எங்கள் வயதினர் முதலில் கேட்பது பீட்சாவைத்தான். உம்மாமார் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அது உடம்புக்குக் கூடாது." கேட்பவருக்கும் மறுப்பவருக்கும் இடையில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. பீட்சாவில் உடம்புக்குக் கூடாதது எது? மாவா, சீஸா, எண்ணெயா, இறைச்சியா?

மனைப்பொருளியல் பாடத்தில் படித்த கணக்கை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடினேன். சமையலறைத் தராசு ஒன்று, பொருட்களின் பக்கெற்றில் அச்சிட்டிருக்கும் போசணை அட்டவணை, ஒரு பென்சில், இவை போதுமாக இருந்தன. கிடைத்த விடையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிறந்த ஊரில் பீட்சா

பீட்சாவின் தாயகம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். அந்நகரத்தார் பீட்சா தயாரிக்கும் கலையை 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2010இல், ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவை மரபுச் சிறப்புள்ள உணவாகப் பதிந்து, அது எப்படி இருக்க வேண்டும் என்று விதிகளும் வகுத்தது. அந்த விதிகளின்படி மாக்கலவையில் கோதுமை மா, தண்ணீர், உப்பு, மதுவம் என்னும் ஈஸ்ட் ஆகிய நான்கு மட்டுமே இருக்கும். எண்ணெயும் இல்லை, சீனியும் இல்லை. குறுக்களவு 35 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. நடுப்பகுதியின் தடிப்பு வெறும் 0.4 சென்ரிமீற்றர். விறகுப் போறணையில் சுமார் 485 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 செக்கன்களுக்குள் அது வெந்துவிடும். மேலே தக்காளி, கொஞ்சம் மொஸரெல்லா சீஸ், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை, சில துளி ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான்.

ஆகவே பீட்சா பிறவியிலேயே பாரமான உணவு அல்ல. எண்ணெய் ஊற்றிய தட்டில் பொங்கிய தடித்த ரொட்டி, இரட்டைச் சீஸ், சொசேஜ், மேலே கோடு கோடாக மயோனைஸ் என்று நாம் பழகிக்கொண்ட வடிவமே பாரமானது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி சக்தியைத் தருகிறது. ஒரு கிராம் காபோவைதரேற்றும் ஒரு கிராம் புரதமும் 4 கிலோகலோரி வீதம் தருகின்றன. பேச்சு வழக்கில் நாம் 'கலோரி' என்று சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். இந்த மூன்று எண்களும் தெரிந்தால் எந்த உணவையும் கணக்கிடலாம்.

28 சென்ரிமீற்றர் தட்டொன்றில் வீட்டில் வழமையாகச் செய்யும் தடித்த பீட்சாவை எடுத்துக்கொள்வோம். கோதுமை மா 250 கிராமில் ஏறத்தாழ 910 கலோரி. எண்ணெய் மூன்று மேசைக்கரண்டியில் 360. சீனி ஒரு மேசைக்கரண்டியில் 50. மொஸரெல்லா சீஸ் 200 கிராமில் 600. சொசேஜ் 150 கிராமில் 450. மயோனைஸ் இரண்டு மேசைக்கரண்டியில் 190. போத்தல் தக்காளி சோஸ் 50. மொத்தம் 2610. எட்டுத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு சுமார் 325 கலோரி. யாரும் ஒரு துண்டோடு எழும்புவதில்லை. மூன்று துண்டு என்றால் 975. எங்கள் வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தி, அவள் ஓடியாடுவதைப் பொறுத்து, 2000 கலோரியும் அதற்குச் சற்று மேலும். அதில் ஏறக்குறைய பாதி ஒரே அமர்வில் உள்ளே போய்விடுகிறது.

இனி அதே தட்டில் நான் செய்யும் இலகுவான பீட்சா. கோதுமை மா 120 கிராம், குரக்கன் மா 40 கிராம், இரண்டுக்கும் சேர்த்து 570 கலோரி. எண்ணெய் இரண்டு தேக்கரண்டியில் 80. சீனி அரைத் தேக்கரண்டியில் 10. மொஸரெல்லா 80 கிராமில் 240. தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் 120. தக்காளி, வெங்காயம், கறிமிளகாய், காளான் எல்லாவற்றுக்கும் 90. மொத்தம் 1110. ஒரு துண்டு சுமார் 140 கலோரி. மூன்று துண்டு சாப்பிட்டாலும் 420தான். பொருட்களின் வகைக்கேற்ப இந்த எண்கள் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் பாதிக்கும் குறைவு என்ற முடிவு மாறாது.

கணக்கு சொல்லித்தந்த பாடங்கள்

முதலாவது, குறைந்த 1500 கலோரியில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சீஸில் 360, மாவில் 340, சொசேஜுக்குப் பதில் கோழி போட்டதில் 330, எண்ணெயில் 280, மயோனைஸை விட்டதில் 190. ஒரே குற்றவாளி இல்லை. ஐந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததால்தான் நாக்கு அதைப் பெரிதாக உணரவில்லை. ஒன்றை முற்றாக ஒழித்திருந்தால், உதாரணமாகச் சீஸே இல்லாமல் செய்திருந்தால், வீட்டில் யாரும் அதைப் பீட்சா என்று ஏற்றிருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, குரக்கன் மா கலோரியைக் குறைப்பதில்லை. "தவிட்டு மா, குரக்கன் மா போட்டால் உடம்பு வைக்காது" என்று பலர் நம்புகிறார்கள். நூறு கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் சுமார் 360 கலோரி என்றால், குரக்கனில் சுமார் 330. பெரிய வித்தியாசம் இல்லை. கலோரியைக் குறைப்பது மாவின் நிறம் அல்ல, மாவின் அளவு. ஆனாலும் குரக்கன் சேர்ப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. நார்ச்சத்து வயிற்றை நிறைத்து மெதுவாகச் சமிக்கிறது. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. எலும்பு உறுதிப்படும் வயதிலுள்ள நமக்கு அது தேவை. காற்பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். குரக்கனில் குளுட்டன் என்னும் புரதம் இல்லாததால் மா இழுபடாமல் உடைந்துவிடும்.

மூன்றாவது, கொழுப்பு அகற்றிய சீஸை வாங்குவதைவிட நல்ல சீஸைக் குறைவாகப் போடுவதே மேல். கொழுப்பில்லாத சீஸ் சரியாக உருகாது. காய்ந்து இறப்பர் போலாகிவிடும். வழமையான மொஸரெல்லாவை மெல்லிய துருவலாகத் துருவினால் 80 கிராம் தட்டு முழுவதற்கும் பரவும். வாங்கும்போது பக்கெற்றில் ஹலால் அடையாளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலைத் திரைய வைக்கும் ரெனெட் நொதியம் சிலவற்றில் விலங்கிலிருந்து பெறப்படுகிறது.

செய்முறை

முதல் நாள் இரவே மாவைப் பிசைந்து வையுங்கள். மேற்சொன்ன 160 கிராம் மாவுடன் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி எண்ணெய், சுமார் 105 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். தண்ணீர் கைச்சூட்டுக்கு மேல் போகக் கூடாது. கொதிநீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். அந்த நீண்ட நேரத்தில் மாவில் மணமும் சுவையும் ஊறும். அதனால்தான் எண்ணெயையும் சீனியையும் குறைத்தாலும் ரொட்டி ருசியாக இருக்கிறது. அவசரமென்றால் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போட்டு, நமது நாட்டு வெப்பத்தில் ஒரு மணி நேரம் வெளியில் வைத்தாலும் பொங்கிவிடும். சுவைதான் சற்றுக் குறையும்.

போத்தல் சோஸ் வேண்டாம். பல வகைகளில் நூறு கிராமுக்கு இருபது கிராமளவில் சீனி இருக்கிறது. நன்கு பழுத்த மூன்று தக்காளியைத் தோலுரித்து மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய மூன்று வெள்ளைப்பூட்டுப் பல்லை வதக்கி, தக்காளியைக் கொட்டிக் கெட்டியாகும்வரை கிளறுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, மிளகுத்தூள். ஒரிகானோ இருந்தால் தூவலாம். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனை, சிறிதளவு எண்ணெயுடன் சமைத்தால் உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

கோழியைச் சிறு துண்டாக்கி, மிளகு, மஞ்சள், தேசிக்காய்ப் புளி சேர்த்து அதன் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். எண்ணெய் தேவையில்லை. காளானையும் கறிமிளகாயையும் வெறும் தாச்சியில் இரண்டு நிமிடம் வாட்டி நீரை வற்றச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த நீர் இறங்கி ரொட்டி சொதசொதத்துப் போகும்.

சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன் மாவை வெளியே எடுத்து, பிறகு கையால் தட்டி மெல்லியதாகப் பரப்புங்கள். சோஸ், காய்கறி, கோழி, கடைசியில் சீஸ். ஓவனை 250 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, எட்டு முதல் பத்து நிமிடம் சுட்டால் போதும்.

ஓவன் இல்லாத வீடுகளில் தடித்த தோசைக்கல் போதும். எண்ணெயில்லாத சூடான கல்லில் ரொட்டியின் ஒரு பக்கத்தைப் பொன்னிறமாகச் சுட்டுத் திருப்புங்கள். சுட்ட பக்கத்தின் மேல் எல்லாவற்றையும் பரப்பி, மூடி போட்டு, சீஸ் உருகும்வரை ஐந்தாறு நிமிடம் மெல்லிய நெருப்பில் வையுங்கள். கல் சிறிதென்றால் மாவை இரண்டாகப் பிரித்து இரண்டு சிறிய பீட்சா செய்யலாம்.

பக்கத்தில் வைக்கும் போத்தல்

இவ்வளவு கவனமாகச் செய்த பீட்சாவுக்குப் பக்கத்தில் இனிப்புக் குளிர்பானத்தை வைத்தால் கணக்குக் குழம்பிவிடும். நமது நாட்டில் 2016 முதல் குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படுகிறது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைவென்றால் பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். நூறு மில்லிலீற்றரில் 10 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி, அதாவது 160 கலோரி. நமது பீட்சாத் துண்டு ஒன்றைவிட அது அதிகம். தண்ணீரோ, சீனி போடாத தேசிக்காய்ச் சாறோ போதும். கூடவே வெள்ளரிக்காயும் கரட்டும் கலந்த சலாது வைத்தால் மூன்றாவது துண்டுக்குக் கை நீளாது.

நீரிழிவு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கலோரியைவிடக் காபோவைதரேற்றைப் பார்க்க வேண்டும். தடித்த பீட்சாவின் ஒரு துண்டில், மாவும் சீனியும் சேர்ந்து சுமார் 25 கிராம். மெல்லிய பீட்சாவில் சுமார் 15 கிராம். எத்தனை துண்டு என்பதை அவர்களுடைய வைத்தியரின் ஆலோசனைப்படி தீர்மானிக்கலாம். ஆனால் பிள்ளைகள் சாப்பிட, வாப்பாவோ மூத்தும்மாவோ தள்ளியிருந்து பார்க்க வேண்டிய நிலை இனி இல்லை. எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்காரலாம்.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை

கலோரிக் கணக்கைக் கற்றுக்கொண்டதும் அதைத் தன் மேலேயே ஆயுதமாகத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். மெலிய வேண்டுமென்று காலை உணவை விடுகிறார்கள். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை. யாரோ ஒருவர் வேடிக்கையாகச் சொன்ன "குண்டு" என்ற ஒரு சொல் அதற்குக் காரணமாக இருக்கலாம். மாதந்தோறும் இரும்புச்சத்தை இழக்கும் வயது இது. உணவைத் தவிர்த்தால் இரத்தச்சோகை, தலைசுற்று, பாடத்தில் கவனமின்மை என்பனவே மிஞ்சும். இந்தக் கட்டுரையிலுள்ள எண்கள் சாப்பிடாமல் இருப்பதற்கல்ல, மனச்சுமையின்றிச் சாப்பிடுவதற்கு. பெற்றோரும் பிள்ளையின் உடம்பைப் பற்றி விருந்தினர் முன் பேசுவதை விட்டு, அவளோடு சேர்ந்து மாவைப் பிசைந்தால் அதுவே பெரிய மருந்து.

வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாகப் பங்கிடும்படி நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை மத்ரஸாவில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதில் பட்டினியும் இல்லை, மிதமிஞ்சலும் இல்லை, அளவுதான் இருக்கிறது. வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுச் செய்முறையை, அது பீட்சாவோ ரோல்ஸோ வட்டிலப்பமோ, பொருள் பொருளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் கலோரியைக் குறித்துப் பாருங்கள். பாரம் எங்கே இருக்கிறது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். எதைக் குறைப்பது, எதை அப்படியே விடுவது என்பதை உம்மாவோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள்.