எழுவைதீவின் நாய்ப் பதிவேடு: இளம் கால்நடை வைத்தியருக்கு ஒரு கடிதம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் கால்நடை வைத்தியருக்கு,

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறிச் சேர வேண்டிய எழுவைதீவு, ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் பரப்பில் சில நூறு பேர் மீன்பிடியையும் பனையையும் ஆடு மாடுகளையும் நம்பி வாழும் ஊராகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் கற்ற நோயியலும் அறுவைச் சிகிச்சையும் இங்கு நிச்சயம் தேவைப்படும். எனினும் இத்தீவில் ஒரு வைத்தியரின் காலத்தைப் பெரிதும் எடுத்துக்கொள்வது, ஒரு பிராணிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே. நாய்களைப் பதிவு செய்யும் கடமை 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்துக்கு, அதாவது ஊர்காவற்றுறை பிரதேச சபைக்கு உரியது. விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் பணி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சார்ந்தது. ஆடு மாடுகள் மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. கடலாமை, பாம்பு, ஆவுளியா எனும் கடற்பசு போன்றவை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் வழியே வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பாகின்றன. கரையில் இவை நான்கு அலுவலகங்கள். தீவில் இறங்கியதும் நான்கு முறைப்பாடுகளும் ஒரே வைத்தியரிடம் வந்து சேர்கின்றன. ஆகவே எது தம் கடமை, எதை எவரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது இளம் வைத்தியருக்கு நல்லது.

கட்டாக்காலி எனப்படுபவை, கட்டப்படாமலும் மேய்ப்பவர் இல்லாமலும் திரியும் பிராணிகள். போர்க்கால இடம்பெயர்வின்போது தீவகத்தின் பல ஊர்களில் மாடுகளும் நாய்களும் அவிழ்த்துவிடப்பட்டன. பின்னர் வெளிநாடு சென்றவர்களின் பூட்டிய வளவுகளும் இவ்வாறே காவலற்ற நாய்களை விட்டுச் சென்றன. ஆனால் எழுவைதீவு போன்ற சிறிய ஊரில், ஒழுங்கையில் படுத்திருக்கும் நாயைச் சுட்டி விசாரித்தால், அதற்குச் சோறு வைக்கும் வீடு ஒன்றோ இரண்டோ பெரும்பாலும் தெரியவரும். அந்த வீட்டார் அதைத் தம் நாய் என்று சொல்ல மாட்டார்கள். ஆயினும் அதன் பழக்கம், வயது, கடந்த முறை ஈன்ற குட்டிகளின் கதி ஆகிய அனைத்தையும் அறிந்திருப்பார்கள். அந்த அறிவைப் பொறுப்பாக மாற்றுவதே, நாய் பிடிக்கும் சுருக்குக் கயிற்றைக் காட்டிலும் முன்னே வர வேண்டிய வேலை என்பது இக்கடிதத்தின் உறுதியான கருத்து.

நாய்களைக் கொன்று நோயை ஒழிக்கலாம் என்ற எண்ணம் அரச கொள்கையாகவே நீண்ட காலம் இருந்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் கட்டின்றித் திரியும் நாயைப் பிடிக்கவும் அழிக்கவும் அதிகாரம் அளித்தது. இலங்கையில் 1973இல் இந்நோயால் 377 பேர் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. கொல்லும் நடைமுறை 2006இல் அரசுத் தலைமையின் பணிப்பால் கைவிடப்பட்ட பின்னரும் மரணங்கள் குறைந்தன என்பதையும், நாய்களுக்கான தடுப்பூசியும் கடிபட்டவருக்கான சிகிச்சையும் பரவியதே அதற்கு முதன்மையான காரணம் என்பதையும் வைத்தியர் ஊரவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தெருநாய்களைக் கொன்றுவந்தும் நாய்களும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. புளூ கிராஸ் அமைப்பினர் பல ஆண்டுகள் வலியுறுத்திய பின், 1996இல்தான் அந்நகரம் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது.

தீவில் வேறொரு யோசனையும் அடிக்கடி எழும். நாய்களைப் பிடித்துப் படகில் ஏற்றி ஆளற்ற ஒரு தீவில் விட்டுவிடலாம் என்பது அது. 1910இல் இஸ்தான்புல் நகர நிர்வாகம் இதையே செய்தது. பல்லாயிரக்கணக்கான நாய்கள் மர்மராக் கடலிலுள்ள சிவ்ரியாதா என்னும் பாறைத்தீவில் இறக்கப்பட்டன. அங்கு உணவுமில்லை, நீருமில்லை. அவை ஒன்றையொன்று தின்று மடிந்த ஓலம் நகரத்துக்குக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. குடிநீரற்ற கச்சதீவையோ அதைப் போன்ற வேறொரு திடலையோ எவரேனும் காட்டினால், அதற்கு இணங்க மறுப்பது வைத்தியரின் தொழிற்கடமை. ஊர்காவற்றுறையில் இறக்கிவிடுவதும் சிக்கலை அடுத்த ஊரின் தலையில் கட்டுவது மட்டுமே.

தடுப்பூசியைப் பொறுத்தவரை இச்சிறு தீவுக்குப் பெருநகரங்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. ஓர் ஊரின் நாய்களில் 70 வீதமானவற்றுக்கு ஆண்டுதோறும் ஊசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் வழங்கும் வழிகாட்டல். இந்த அளவு ஏன் இவ்வளவு உயர்வாக வைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது: நோய் பரவாமலிருக்க எந்நேரமும் 20 முதல் 45 வீதம் வரையான நாய்கள் எதிர்ப்பாற்றலுடன் இருந்தாலே போதும் என்று கணிக்கப்பட்டாலும், ஊசி போட்ட நாய்கள் இறந்து, ஊசி போடாத குட்டிகள் பிறந்து, ஆண்டு முடிவதற்குள் விகிதம் விரைவாகச் சரிந்துவிடுகிறது, அந்தச் சரிவுக்கும் இடம்விட்டே 70 வீதம் கேட்கப்படுகிறது. நகரத்தில் நாள்தோறும் புதிய நாய்கள் உள்ளே வரும். எழுவைதீவுக்கோ படகில்லாமல் ஒரு நாயும் வர முடியாது. எனவே இறங்குதுறையில் ஏறும் ஒவ்வொரு குட்டியையும் குறித்துச் சொல்லும்படி படகோட்டிகளைக் கேட்டுக்கொள்வது, எந்தச் சட்டப் பிரிவையும் விட இங்கு அதிகப் பயன் தரும்.

ஊசி நாளின் வேலை எளிமையானதுபோல் தோன்றினாலும் சிறு கவனக்குறைவால் பயனற்றுப் போகக்கூடியது. தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், வெயிலில் காய்ந்தாலும் கெடும். சூரிய ஒளி, காற்று, டீசல் மூன்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் தீவுக்கு மின்சாரம் அளிப்பதால் குளிர்சாதனப் பெட்டி இயங்கும் என்றாலும், பனிக்கட்டிப் பொதிகள் வைத்த பெட்டியைக் காலைப் படகிலேயே கொண்டுவந்து மாலைக்குள் வேலையை முடிப்பது பாதுகாப்பானது. நாய்களை ஒரே இடத்துக்கு அழைத்துவரச் சொன்னால் பாதிகூட வராது. படலைக்குப் படலை செல்ல வேண்டும். அந்த வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பவரே அதன் கழுத்தைத் தம் முழங்காலோடு அணைத்துப் பிடிக்க, வைத்தியர் பின்புறமாக நின்று தோலைத் தூக்கி ஒரு மில்லிலீற்றர் மருந்தை ஏற்றும்போது பெரும்பாலான நாய்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்நியர் இருவர் வலையுடன் வளவுக்குள் நுழைந்தாலோ, அந்த நாய் அடுத்த ஆண்டும் கைக்கு அகப்படாது. மூன்று மாதம் நிறையாத குட்டிகளை விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது கைவிடப்பட வேண்டியது. ஏனெனில் பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவது அந்தக் குட்டிகளைத்தான்.

விசர் என்றதும் வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடிக் கடிக்கும் நாயையே ஊரார் நினைக்கின்றனர். ஊமை விசர் என்னும் வடிவத்தில் நாய் எவரையும் துரத்தாது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க இயலாமல் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். மீன்தலையையும் குடலையும் தின்று வளரும் தீவு நாயில் இந்த அறிகுறி கண்டால், தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்றே எவரும் முடிவு செய்வர். அன்போடு வாய்க்குள் கைவிட்டுத் துழாவும் அந்த நிமிடத்தில்தான் வைரசு தோற்கீறல் வழியே உடலுள் புகுகிறது. கடிபட்ட மாடும் இவ்வாறே தொண்டை அடைத்ததுபோல் நிற்கும். அதன் வாய்க்குள் முதலில் கைவிடுபவர் வைத்தியராகவே இருப்பார் என்பதால், அவர் தமக்கான முன்தடுப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்ளாமல் இப்பதவியை ஏற்கவே கூடாது. இதில் எந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை.

கடிபட்ட மனிதருக்குரிய முதல் சிகிச்சை சவர்க்காரமும் ஓடும் நீருமே: காயத்தைப் பதினைந்து நிமிடம் இடைவிடாது கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவதோ பார்வை பார்ப்பதோ அந்தப் பொன்னான நேரத்தை வீணாக்கும். பின்னர் அவர் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டும். மாலைக்குப் பின் படகில்லாத நேரத்தில் எவரை அழைப்பது என்பதைக் கிராம அலுவலருடனும் மீனவர் சங்கத்துடனும் முன்னரே பேசி முடிவு செய்திருப்பது அவசியம். கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்வது, நோயுள்ளதா என அறியும் வழியை அடைத்துவிடும். அதைக் கட்டிவைத்து 14 நாள் கவனித்தால், உயிரோடு நலமாக இருப்பதே நோயில்லை என்பதற்குச் சான்றாகும். இறந்துவிட்டால் தலையைக் கசியாத பொதியில் பனிக்கட்டியிட்டு, கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கடல், பேருந்து, நெடுந்தூர வண்டி எனப் போகும் அந்தப் பயணத்தில் தலை அழுகிவிட்டால் முடிவு கிடைக்காது. எனவே பனிக்கட்டிக்கு ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் வைத்தியர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கருத்தடையில் பெட்டை நாயே முதலிடம் பெற வேண்டும். ஏறத்தாழ 63 நாள் சினைக்காலம் கொண்ட பெட்டை ஆண்டுக்கு இருமுறை குட்டி ஈனக்கூடும். கடுவன்களில் பாதிக்கு அறுவை செய்தாலும் மீதிக் கடுவன்கள் போதும் என்பதால், சில பெட்டைகளை விட்டுவிட்டுச் செய்யப்படும் முகாம் கணக்கில் மட்டுமே வெற்றியாகும். தத்துக்கொடுத்தல், அதாவது ஆதரவற்ற பிராணியை ஒரு குடும்பத்தின் பொறுப்பில் முறையாக ஒப்படைத்தல், தீவில் விளம்பரத்தால் நடப்பதில்லை. கடுவன் குட்டிகளை எவரும் கேட்டு வாங்குவர். பெட்டைக் குட்டிகள்தாம் கோயில் வாசலிலும் இறங்குதுறையிலும் சாக்கில் கட்டி விடப்படுகின்றன. பெட்டைக் குட்டியை எடுக்கும் வீட்டுக்கு ஊசியையும் பிற்காலக் கருத்தடையையும் தாமே வந்து செய்துதருவதாக வைத்தியர் எழுதிக்கொடுத்தால், குட்டி ஈன்று பெருகும் என்ற அச்சம் நீங்கும். எல்லா நாய்களையும் காப்பகத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு வரம்பு உண்டு. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் பெருங்கருணையின் வேலை. ஆயினும் முதுமையும் நோயும் அங்கவீனமும் உள்ளவற்றுக்கே அத்தகைய இடம் எஞ்சியிருக்க வேண்டும். டில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் இட்ட ஆணை, பதினொரு நாளில் திருத்தப்பட்டு, ஊசியும் கருத்தடையும் முடிந்த பெரும்பாலான நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றானது. அத்தனை நாய்களை அடைக்க ஒரு தலைநகரத்திலும் இடமில்லை.

நாயிடம் ஆடு கடிபட்ட வீட்டின் துயரத்தை வைத்தியர் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பால் குடிக்கும் பிள்ளையுள்ள வீட்டில் ஓர் ஆடு போவது ஒரு வருமானமே போவதாகும். ஆனால் அந்தக் கோபத்தில் நஞ்சு கலந்த இறைச்சி வைக்கப்பட்டால், முதலில் இறப்பது மனிதர் கொடுப்பதை நம்பித் தின்னும் நாய், அதாவது ஊசி போடப்பட்ட நாய். ஊசி போடாமல் ஒதுங்கித் திரிவது தப்பிவிடும். ஒரே இரவில் ஊரின் தடுப்பு அரண் இவ்வாறு சரிந்துபோகும். இரவில் பட்டியை அடைப்பதற்கு மட்டை வேலியை உயர்த்திக் கட்டவும், மீன் கழிவைக் கரையில் எறியாமல் புதைக்கவும் ஊரவரை இணங்கவைப்பது, 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் விதிக்கும் நூறு ரூபாய்த் தண்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதை விடப் பலனளிக்கும்.

காட்டுயிர் தொடர்பான முறைப்பாடுகளில் தீவகம் தனி இயல்புடையது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் பெருகியதாகக் கூறப்படும் நெடுந்தீவுக் குதிரைகள், எவருடைய சொத்துமாக இல்லாமல் கோடையில் நீரின்றி இறந்துகொண்டிருந்தவை. 2015இல் அவற்றின் மேய்ச்சல் வெளி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரே தண்ணீர்த் தொட்டி வைப்பதும் ஓர் அலுவலகத்தின் பணியாயிற்று. எழுவைதீவில் இதைவிடச் சிறிய, ஆனால் அவசரமான நிகழ்வு வலையில் சிக்கும் கடலாமை. மூச்சடங்கிக் கிடக்கும் ஆமை இறந்துவிட்டதாக எண்ணப்பட்டு, வட பகுதிக் கரையோரங்களில் முன்னர் வழக்கிலிருந்ததுபோல் இறைச்சியாகிவிடக்கூடும். உண்மையில் அதை வயிற்றுப் பக்கமாகக் கிடத்தி, பின்பகுதியைப் பதினைந்து சென்ரிமீற்றரளவு உயர்த்தி, நிழலில் ஈரத் துணி போர்த்தி வைத்தால், சில மணி நேரத்திலும் சிலவேளை ஒரு நாள் கழித்தும் அது மூச்செடுப்பதுண்டு. அதன்பின் வலையில்லாத இடத்தில் கடலில் விட வேண்டும். மல்லாத்திக் கிடத்துவது நுரையீரலை நசுக்கும். இதைப் படகிலேயே செய்யக் கற்ற மீனவர் ஒருவர், வைத்தியர் வந்து சேர்வதற்கு முன்னரே ஆமையைக் காப்பாற்றிவிடுவார்.

தீவகப் பணியிலிருக்கும் அலுவலர்கள் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெறுவர். நாயின் நிறம், பால், சோறு வைக்கும் வீடு, ஊசி போட்ட திகதி, கருத்தடைக்கு அடையாளமாகக் காதில் இட்ட வெட்டு, படகில் வந்த குட்டியானால் அது வந்த நாள் ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு, வைத்தியரின் பையில் மட்டும் இருந்தால் அவரோடு சேர்ந்து அதுவும் படகேறிவிடும். அதன் ஒரு பிரதி பிரதேச சபையிலும், ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், ஒரு பிரதி எழுவைதீவின் கிராம அலுவலரிடமும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊசி நாளின் மாலையிலும், திரும்பும் படகு புறப்படுவதற்கு முன், கிராம அலுவலரின் பிரதி அன்றைய பதிவுகளால் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.