புதிய சுவாச நோய்களும் தடுப்பூசியும்

நாம் குடியிருப்பது பெரம்பூரில். அலுவல் பார்ப்பதோ திருவள்ளூர் மாவட்டத்துக் கிராம ஒன்றியம் ஒன்றில். 2020-ஆம் ஆண்டுக் கோடையில் வடசென்னை, குறிப்பாக இராயபுரம் மண்டலம், கொரோனா நோயால் அடைந்த அல்லல் யாவரும் அறிந்ததே. மறு ஆண்டு தடுப்பூசி கிராமங்களுக்கு வந்தபொழுது பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர், "ஐயா, ஒரு மருந்து செய்யப் பத்து ஆண்டுகள் ஆகும் என்பார்கள். இதை ஒரே ஆண்டில் எப்படிச் செய்தார்கள்? எங்களை வைத்துப் பரீட்சை பார்க்கிறீர்களா?" என்று நம்மைக் கேட்டார். "அரசாங்கம் சொல்லுகிறது, போட்டுக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டு வந்தோம். அது விடையன்று. அன்று கூறியிருக்க வேண்டியதை இங்கு எழுதுகிறோம்.

கோழி வளர்ப்போருக்குக் கொரோனா இனம் புதிதன்று. கோழிகளுக்கு இருமலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கி முட்டையைக் குறைக்கும், 'ஐ.பி.' என்று பண்ணைகளில் வழங்கும் நோய், இவ்வினத்து நுண்கிருமி ஒன்றினால் வருவதே. அது மனிதரைத் தொற்றுவதில்லை. அதற்குத் தடுப்பு மருந்து பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது. ஒரு வகைக் கிருமிக்குச் செய்த மருந்து, உருமாறிய மற்றொரு வகைக்கு முழுக் காவல் தருவதில்லை என்பதும் பண்ணையாளர் அறிந்ததே.

மனிதரிடத்தில் 2002-இல் சீனத்தில் சார்ஸ் நோயும், 2012-இல் சவூதி அரேபியாவில் மெர்ஸ் நோயும் தோன்றின. கிருமியின் மேற்புறத்திலுள்ள முள் போன்ற புரதமே நம் உடலின் அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. அம்முள்ளை உடலுக்கு முன்னரே அடையாளம் காட்டிவிட்டால் கிருமியை எதிர்க்கலாம் என்பது அப்பொழுதே தெளிவாயிற்று. ஆனால் சார்ஸ் விரைவில் அடங்கவே, தடுப்பூசி வேலை நடுவழியில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் ஏரிக்கரையை மறப்பது நம் ஊர்களில் மட்டும் உள்ள வழக்கம் அன்று போலும்! எனினும் கற்றது வீண்போகவில்லை. 2020 ஜனவரியில் புதிய கிருமியின் மரபுக் குறிப்பு வெளியானவுடனேயே பல நாடுகளில் வேலை தொடங்கிற்று.

நம் நாட்டில் புனாவிலுள்ள தேசிய வைராலஜி நிலையம் நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் அதைப் பெருக்கி, இரசாயனத்தால் செயலிழக்கச் செய்து 'கோவாக்சின்' தயாரித்தது. செயலிழந்த கிருமி நோயை உண்டாக்காது. 1955-இல் வந்த போலியோ ஊசியும் இம்முறையில் அமைந்ததே. முதற்கட்டச் சோதனையில் 375 பேர் சேர்ந்தனர், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலும் அது நடந்தது. மூன்றாம் கட்டத்தில் ஏறத்தாழ 25,800 பேர். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மறு பாதிக்குக் கிருமி சேராத ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

காலம் மிச்சமானது எவ்வாறு? ஒரு கட்டம் முற்றும் முடியுமுன் அடுத்தது தொடங்கிற்று. முடிவு தெரியுமுன்னரே, நஷ்டம் வந்தாலும் வரட்டும் என்று உற்பத்தி நடந்தது. நோயும் எங்கும் பரவியிருந்ததால் பலன் விரைவில் தெரிந்தது.

ஒன்றை மறைத்தல் தகாது. கோவாக்சினுக்கு அவசர அனுமதி கிடைத்தது 3-1-2021 அன்று. மூன்றாம் கட்டத்தின் இடைக்கால முடிவோ மார்ச்சில்தான் வெளியாயிற்று. ஆகவே அங்கத்தினரின் ஐயம் அறியாமையால் எழுந்தது அன்று. நோய்க்குறி தோன்றும் தொற்றைத் தடுப்பதில் அதன் பலன் நூற்றுக்கு 77.8 என்று பின்னர் கணக்கிடப்பட்டது. மாதங்கள் செல்லச் செல்லக் காவல் குறைந்ததும், உருமாறிய ஒமிக்ரான் ஊசி போட்டவரையும் தொற்றியதும் உண்மையே. ஆயினும் நோய் முற்றி உயிருக்கு ஆபத்து நேர்வதைத் தடுப்பூசிகள் பெரிதும் குறைத்தன. பலவகைக் கொரோனா கிருமிகளுக்கும் பொதுவான ஊசி ஒன்றைச் செய்யும் ஆராய்ச்சி இப்பொழுது நடைபெறுகிறது.

அடுத்த முறை ஊசி வருமுன்பே, கிராம சபையில் சுகாதார செவிலியரை அமர்த்தி, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், என்ன முடிவு, என்ன பக்க விளைவு என்பவற்றைப் படித்துக் காட்டுதல் வேண்டும்.

அந்த அங்கத்தினர் 2021 ஆனி மாதத்தில் முதல் தவணை போட்டுக்கொண்டார். அவருடைய தமையனார் ஊசி போட்டுக்கொள்ளாமலே சித்திரையில் காலமாகியிருந்தார்.