உலகப் பஞ்சுச் சந்தையும் நமது பருத்திக் காடும்

பருத்தி பயிரிடும் குடியானவர் தம் நிலத்தின் மண்ணையும், மழையின் போக்கையும், காய்ப்புழுவின் தொல்லையையும் நன்கு அறிவார். ஆனால், தாம் எடுத்த பருத்திக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களோ அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. பிரேசில் நாட்டு விளைச்சல், சீன நாட்டின் கையிருப்பு, கச்சா எண்ணெயின் விலை ஆகிய யாவும் நம் ஊர் விற்பனைக்கூடத்தில் சொல்லப்படும் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, உலகில் நூலிழைகளின் வரத்தும் தேவையும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

பருத்திக்கு வந்த போட்டி

1960ஆம் ஆண்டளவில் உலக மக்கள் பயன்படுத்திய நூலிழைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பருத்தியாகவே இருந்தது. அன்று உலகில் விளைந்த பஞ்சு சுமார் 1 கோடி டன். 2023ஆம் ஆண்டில் உலகில் உற்பத்தியான எல்லா வகை இழைகளும் சேர்ந்து சுமார் 12.4 கோடி டன். அதில் பஞ்சு சுமார் 2.4 கோடி டன்; அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பாலியெஸ்டர் மட்டும் 7 கோடி டன்னுக்கு மேல். அதாவது பாதிக்கும் அதிகம். மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் முதலியவை நூற்றுக்கு ஆறு பங்கு. கம்பளி நூற்றுக்கு ஒரு பங்கு அளவே.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. 1960இல் உலக ஜனத்தொகை சுமார் 300 கோடி. இன்று 800 கோடிக்கு மேல். தலைக்கு இத்தனை கிலோ என்று வகுத்துப் பார்த்தால், பருத்தி அன்றும் இன்றும் சுமார் 3 கிலோவாகவே நிற்கிறது. மக்கள் கூடுதலாக உடுத்தத் தொடங்கிய துணி அநேகமாக முழுவதும் பாலியெஸ்டரின் பக்கம் போய்விட்டது. 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்ஸன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இந்த இழைக்கு மழை வேண்டியதில்லை. பூச்சி மருந்தும் வேண்டியதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் இரசாயனப் பொருள்களே அதற்கு மூலப்பொருள். எண்ணெய் விலை இறங்கினால் அதன் விலையும் இறங்கும். பருத்தி விலை மிகவும் ஏறிவிட்டால், ஆலைகள் நூலில் பாலியெஸ்டரின் பங்கைக் கூட்டிக்கொள்ளும். எனவே, பருத்தி விலை எல்லையின்றி உயரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

விலை ஏறி இறங்கிய இரு சமயங்கள்

2010ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்து பருத்தி அழிந்தது. சீனாவில் கையிருப்பு குறைந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நம் நாடும் பஞ்சு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விளைவாக, 2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சின் விலை 2 டாலரைத் தாண்டியது. அதைக் கண்டு உலகெங்கும் விவசாயிகள் பருத்திப் பரப்பைக் கூட்டினர். ஆலைகளோ பாலியெஸ்டருக்கு மாறின. அவ்வாண்டு முடிவதற்குள் விலை 1 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

2022ஆம் ஆண்டிலும் இதே கதை நிகழ்ந்தது. அவ்வாண்டு மே மாதம் நம் நாட்டில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. நூற்பாலைகள் தாங்கமாட்டாமல் உற்பத்தியைக் குறைத்தன. அடுத்த பருவத்தில் விதைப்புப் பரப்பு கூடியது. 2023இல் விலை சுமார் 60,000 ரூபாய் அளவுக்கு இறங்கி நின்றது. ஒரு லட்சத்தை மனத்தில் வைத்துக் கடன் வாங்கி விதைத்தவர் நிலை என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சென்ற பருவத்து விலையைப் பார்த்து இந்தப் பருவத்து விதைப்பைத் தீர்மானித்தல் ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

கையிருப்பைக் கணக்கிடும் முறை

சந்தையை ஆராய்வோர் முதலில் பார்ப்பது விலையை அன்று, கையிருப்பையே. பழைய இருப்பு, இவ்வாண்டு விளைச்சல், இறக்குமதி ஆகியவற்றைக் கூட்டி, அதிலிருந்து ஆலைகளின் செலவையும் ஏற்றுமதியையும் கழித்தால் ஆண்டு முடிவில் மிஞ்சும் இருப்பு தெரியவரும். உதாரணமாக, ஒரு வட்டாரத்தில் பழைய இருப்பு 40 பொதி, விளைச்சல் 300, இறக்குமதி 20, ஆக மொத்தம் 360. ஆலைகளின் செலவு 310, ஏற்றுமதி 20. மீதி 30 பொதி. ஆலைகளுக்கு மாதம் சுமார் 26 பொதி வேண்டும் என்பதால், மீதமுள்ள இருப்பு ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் வரும். இந்நிலையில் விலை உறுதியாக நிற்கும். மீதி 120 பொதியானால், வாங்குவோர் அவசரப்படமாட்டார்கள்.

1939இல் தொடங்கிய சர்வதேசப் பருத்தி ஆலோசனைக் குழுவும், அமெரிக்க விவசாய இலாகாவும் உலக நாடுகளுக்கு இத்தகைய கணக்கை வெளியிட்டு வருகின்றன. அதில் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சீனா எவ்வளவு இறக்குமதி செய்யும்? பிரேசிலில் விளைச்சல் எப்படி? 2023-24 பருவத்தில் பிரேசில் அமெரிக்காவையும் முந்தி ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது. நம் அரசாங்கம் இறக்குமதி வரியை விதிக்கிறதா, நீக்குகிறதா? 2021 பிப்ரவரியில் பஞ்சுக்கு விதிக்கப்பட்ட வரி, 2025 ஆகஸ்டில் அவ்வாண்டு முடிவு வரையிலான காலத்துக்கு விலக்கப்பட்டது.

நம் மாநிலத்தின் நிலை

நாட்டின் நூற்பாலைகளில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. 1888இல் கோயம்புத்தூரில் முதல் ஆலை தோன்றியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆயினும் இவ்வாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே விளைவதில்லை. குஜராத், மகாராஷ்டிரம், தெலுங்கானா முதலிய இடங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பஞ்சு வருகிறது. வாங்குவோர் அருகிலேயே இருக்கின்றனர் என்பது நமக்கு ஓர் அனுகூலம். நெல் தரிசில் விதைத்துக் கோடையில் எடுக்கும் பருத்தி, வடக்கே வரத்து ஓய்ந்த காலத்தில் சந்தைக்கு வருகிறது என்பது மற்றோர் அனுகூலம்.

விலையை நாமே கணக்கிடலாம்

வியாபாரி சொல்லும் விலை நியாயமானதா என்று அறிய எளிய வழி உண்டு. 100 கிலோ விதைப்பருத்தியை அரைத்தால் சுமார் 34 கிலோ பஞ்சும் 64 கிலோ பருத்திக்கொட்டையும் கிடைக்கும். கண்டி விலை 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கிலோ பஞ்சு சுமார் 154 ரூபாய் 50 காசு. 34 கிலோவுக்கு 5,253 ரூபாய். கொட்டை கிலோ 30 ரூபாயானால் 1,920 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,173 ரூபாய். இதிலிருந்து அரவைக் கூலி, வண்டிச் சத்தம், வியாபாரியின் ஆதாயம் ஆகியவற்றைக் கழித்தால் வருவதே குவிண்டாலுக்கு நியாயமான விலை. அதற்கும் மிகக் குறைவாகக் கேட்டால் விற்க மறுக்கலாம். அரசாங்கம் அறிவிக்கும் ஆதரவு விலையோடும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாயும், நீண்ட இழைப் பருத்திக்கு 8,110 ரூபாயும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

உலக விலையை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் நமக்கு உரியதை இழக்காமல் காத்துக்கொள்ள இயலும். பருத்தியில் ஈரம் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மிகாமல் உலர்த்துவதும், நல்ல பருத்தியையும் கொட்டுப் பருத்தியையும் தனித்தனியே எடுப்பதும், பிளாஸ்டிக் சாக்குகளை விடுத்துத் துணிப்பைகளையே பயன்படுத்துவதும் செலவில்லாத காரியங்கள். சாக்கின் நார் ஒன்று நூலில் கலந்தாலும் துணியில் சாயம் பிடிக்காத கோடாக அது தெரியும். அதனாலேயே ஆலைகள் விலையைக் குறைக்கின்றன.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பலகை வைத்து, வாரம் ஒரு முறை கண்டி விலை, கொட்டை விலை, அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் ஏல விலை ஆகிய மூன்றையும் எழுதச் செய்யலாம். ஊரிலுள்ள சிறு விவசாயிகள் தத்தம் பருத்தியை ஒன்று சேர்த்து ஏலத்துக்குக் கொண்டு சென்றால், வண்டிச் செலவும் குறையும். வாங்குவோரின் போட்டியும் மிகும். விதைப்புக்கு முன் கிராம சபையில் அவ்வாண்டு உலகக் கையிருப்பைப் பற்றி விவசாய அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்கலாம். கையிருப்பு மிகுந்த ஆண்டில் நிலம் முழுவதையும் பருத்திக்கே விடாமல், ஒரு பகுதியில் உளுந்தோ மக்காச்சோளமோ விதைப்பது விவேகம்.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்கள் நம் முன்னோர். பட்டத்தோடு சந்தையின் போக்கையும் தேடி விதைப்பதே இக்காலத்துக்கு ஏற்ற முறை. அதைக் கற்றுக்கொள்ளும் கிராமம், உழைப்பின் பலனைப் பிறர் கையில் விட்டுவிடாது.